கயிற்றை இழுத்து ஓய்ந்தவர்களுக்கு: புல்வெட்டும் இயந்திரம் குறித்த வாசகர் கேள்விகள்

ஆவணி பிறந்து இரண்டு மழை பெய்துவிட்டால் போதும், புல்வெட்டும் இயந்திரம் கிளம்ப மறுக்கிறது என்ற கடிதங்கள் இந்தப் பகுதிக்கு வரத் தொடங்கிவிடும். கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களிலிருந்து வந்தவற்றை இம்முறை ஒன்றாகச் சேர்த்து விடை தந்திருக்கிறோம். கடிதம் எழுதுபவர்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. எதை எதைக் கழற்றிப் பார்த்தோம், எதை மாற்றினோம் என்பதைப் பலரும் விரிவாக எழுதுகிறார்கள். இயந்திரம் கடைசியாக ஓடிய நாளில் என்ன நடந்தது, அதன்பின் எத்தனை நாள் சும்மா கிடந்தது என்பதை மட்டும் எழுதாமல் விட்டுவிடுகிறார்கள். எங்களுக்கு முதலில் தேவைப்படுவது அந்த விவரந்தான்.

கேள்வி: எங்கள் கல்யாண மண்டபத்தின் முன்புறம் சுமார் பத்து சென்ட் பரப்பில் புல்தரை உள்ளது. கயிறு இழுத்துக் கிளப்பும் பெட்ரோல் புல்வெட்டி ஒன்றை வாங்கி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. ஆனி மாதக் கடைசி முகூர்த்தம் வரை நன்றாக ஓடியது. ஆடியில் மண்டபத்துக்கு வேலை இல்லாததால் ஷெட்டில் நிறுத்திவிட்டோம். ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு மூன்று நாள் முன்பு எடுத்தால், முப்பது நாற்பது முறை இழுத்தும் ஒரு சத்தமும் இல்லை. புதுப் பிளக் போட்டும் பயனில்லை. கார்புரேட்டரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?
– மண்டப மேலாளர், கிருஷ்ணகிரி

பதில்: இப்போதைக்கு மாற்ற வேண்டாம். உங்கள் கடிதத்திலேயே விடையின் பெரும்பகுதி இருக்கிறது. ஆனிக் கடைசியில் டேங்கில் மிச்சமிருந்த பெட்ரோல்தான் ஆவணியிலும் அங்கே இருக்கிறது. சிறு எஞ்சின் தயாரிப்பாளர்களின் கையேடுகள், பெட்ரோலை முப்பது நாளுக்கு மேல் அப்படியே வைத்திருக்க வேண்டாம் என்று எச்சரிக்கின்றன. எளிதில் தீப்பிடிக்கக்கூடிய, இலகுவாக ஆவியாகும் பகுதிதான் பெட்ரோலிலிருந்து முதலில் வெளியேறுகிறது. எஞ்சினை முதல் இழுப்பில் கிளப்புவதும் அதே பகுதிதான். அது போனபின் மீந்திருப்பது, பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குத் தரும் கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தில் பிசினாகப் படிந்து, பெட்ரோல் பாயும், தலைமுடி நுழையும் அளவே உள்ள ஜெட் துளையை அடைக்கிறது.

இதோடு எத்தனாலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலின் விற்பனை நம் நாட்டில் 2023 பிப்ரவரியில் தொடங்கியது. இன்று பெரும்பாலான பெட்ரோல் பங்குகளில் கிடைப்பது அதுதான். ஆனால் புல்வெட்டி எஞ்சின்களின் கையேடுகள் பலவும் 10 சதவீதத்துக்கு மேல் எத்தனால் கூடாது என்கின்றன. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். உறிஞ்சிய ஈரம் ஓர் அளவைத் தாண்டினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து தனி அடுக்காகப் பிரிந்து அடியில் தங்கும். டேங்கிலிருந்து எரிபொருள் இறங்குவது அடியிலிருந்துதான் என்பதால், மேலே நல்ல பெட்ரோல் மிதந்துகொண்டிருக்கும்போதும் கார்புரேட்டருக்குப் போய்ச் சேர்வது தண்ணீர் கலந்த இந்தக் கசடாகவே இருக்கும். சந்தேகம் இருந்தால் டேங்கின் பெட்ரோலை ஒரு கண்ணாடி பாட்டிலில் வடித்துப் பத்து நிமிடம் அசைக்காமல் வைத்துப் பாருங்கள். அடியில் கோடு பிரிந்து தெரிந்தாலோ, மண்ணெண்ணெயை நினைவூட்டும் புளித்த வாடை வந்தாலோ அதை மீண்டும் இயந்திரத்தில் ஊற்ற வேண்டாம்.

ஆயினும் பெட்ரோல்தான் குற்றவாளி என்று முன்கூட்டியே தீர்ப்பெழுதிவிடாமல், ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன் இரண்டு நிமிடம் செலவிட்டுச் சிலவற்றைப் பார்த்துவிடுங்கள். கைப்பிடியோடு சேர்த்து அழுத்திப் பிடிக்க வேண்டிய கம்பி ஒன்று உங்கள் இயந்திரத்தில் இருக்கும். அதை விட்டுவிட்டால் எஞ்சினுக்குப் பிரேக் விழுவதோடு, தீப்பொறி தரும் பிளக்குக்குப் போகும் மின்சாரமும் நின்றுபோகும். புதிதாக வேலைக்கு வந்த பையன் அதைப் பிடிக்காமலேயே நாற்பது முறை கயிறிழுத்துத் தோள்பட்டை வலியோடு நின்ற காட்சியை நாங்கள் நேரில் கண்டதுண்டு. கம்பியைப் பிடித்தும் அதன் கேபிள் தளர்ந்து போயிருந்தால் விளைவு அதேதான். ஆகையால் கம்பியை அழுத்தும்போது எஞ்சின் பக்கத்தில் கேபிளின் மறுமுனை முழுவதும் நகர்கிறதா என்று இன்னொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். பெட்ரோல் டேப் இருந்தால் அது திறந்திருக்கிறதா, எண்ணெய்க் குச்சியில் எண்ணெய் குறிக்குள் நிற்கிறதா, சோக் (குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும்போது காற்றைக் குறைக்கும் தகடு) மூடிய நிலையில் இருக்கிறதா என்பவற்றையும் பாருங்கள். நம் ஊர் வெயிலுக்குச் சோக் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். வெளியே எவ்வளவு வெயிலடித்தாலும், ஒரு மாதம் ஓடாத எஞ்சின் குளிர்ந்த எஞ்சின்தான். அதற்குச் சோக் வேண்டும்.

இவ்வளவும் சரியென்றால் பிளக்கைக் கழற்றுங்கள். கோளாறு எந்தப் பக்கம் என்பதை அந்தப் பிளக்கே காட்டிக்கொடுத்துவிடும். இத்தனை முறை இழுத்த பின்னும் அதன் முனை உலர்ந்திருந்தால் பெட்ரோல் உள்ளே ஏறவில்லை என்று பொருள். நனைந்து பெட்ரோல் வாடை அடித்தால் பெட்ரோல் ஏறுகிறது, தீப்பொறிதான் இல்லை, அல்லது அளவுக்கு மீறி இழுத்ததில் உள்ளே பெட்ரோல் தேங்கி வெள்ளமாகிவிட்டது என்று பொருள். வெள்ளமாகியிருந்தால் பிளக்கைத் துடைத்துக் காயவைத்து, பிளக் இல்லாமலேயே சோக்கைத் திறந்துவிட்டு ஏழெட்டு முறை இழுத்து, கால்மணி நேரம் கழித்துப் பிளக்கை மாட்டிச் சோக் இல்லாமல் முயலுங்கள். தீப்பொறியைச் சோதிக்க, கழற்றிய பிளக்கை அதன் தொப்பியிலேயே மாட்டி, மரையுள்ள இரும்புப் பகுதி எஞ்சினின் உலோகத்தில் படும்படி, பிளக் துளையிலிருந்து தள்ளி வைத்து, ரப்பர் பிடியுள்ள கட்டிங் பிளேயரால் பிடித்துக்கொண்டு நிழலான இடத்தில் கயிற்றை இழுக்கச் சொல்லுங்கள். நீல நிறத்தில், படபடவென்ற ஒலியோடு பொறி வந்தால் நல்லது. பிளக் துளையிலிருந்து பெட்ரோல் ஆவி வந்துகொண்டிருக்கும் என்பதால் பொறியை அதன் அருகில் கொண்டுபோக வேண்டாம். சிந்திய பெட்ரோலையும் முதலில் துடைத்துவிடுங்கள்.

நீங்கள் புதுப் பிளக் போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அதன் முனை இடைவெளியை யாராவது அளந்தார்களா? நான்கு ஸ்ட்ரோக் புல்வெட்டிகள் பலவற்றுக்கு 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர் வரை தேவை. கடையில் கொடுத்த பிளக்கை அப்படியே மாட்டினால் அந்த இடைவெளி அமைந்திருக்கும் என்று சொல்வதற்கில்லை.

பொறி நன்றாக இருக்கிறது, பிளக் உலர்ந்திருக்கிறது என்றால், பிளக் துளை வழியாகக் கால் தேக்கரண்டிக்கும் குறைவாகப் புதுப் பெட்ரோலை விட்டுப் பிளக்கை இறுக்கி இழுங்கள். இரண்டு மூன்று நொடி உறுமிவிட்டு நின்றால் வழக்கு தீர்ந்தது: பொறியும் சிலிண்டருக்குள் காற்றழுத்தமும் சரியாக உள்ளன, கார்புரேட்டர்தான் பெட்ரோலைத் தரவில்லை. உங்கள் இயந்திரத்தில் இதுதான் நடக்கும் என்று எண்ணுகிறோம்.

அப்போதும் கார்புரேட்டரை மாற்ற வேண்டியதில்லை, கழுவினால் போதும். டேங்கை வடித்துவிட்டு, அடிக்கிண்ணத்தைத் தாங்கும் ஒற்றை போல்ட்டைக் கழற்றிக் கிண்ணத்தை இறக்குங்கள். சில மாடல்களில் அந்த போல்ட்டிலேயே ஜெட் துளை இருக்கும். அதைச் சாதாரண போல்ட் என்று நினைத்துத் துடைத்து வைத்துவிட்டு, ஜெட்டை வேறெங்கோ தேடிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. துளையைத் துருவத் தையல் ஊசியையோ இரும்புக் கம்பியையோ ஒருபோதும் விடக் கூடாது. பித்தளைத் துளை இம்மியளவு அகன்றாலும், அதன்பின் எஞ்சின் எப்போதும் கரும்புகை கக்கும். மின்வயரைச் சீவினால் கிடைக்கும் செம்புக் கம்பிகளில் மெல்லிய ஒற்றை இழை போதும். அதோடு கார்புரேட்டர் கிளீனர் ஸ்பிரே அடித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தால் துளை வட்டமாகத் தெரிய வேண்டும். மிதவை தடையின்றி ஏறி இறங்குகிறதா என்று பார்த்து, கிண்ணத்தின் ரப்பர் வளையம் முறுக்கிக்கொள்ளாமல் பொருத்துங்கள். கைவேலை பழகியவருக்கு இது ஒரு மணி நேர வேலைதான். முகூர்த்தத்துக்கு இன்னும் மூன்று நாள் இருந்ததாகச் சொல்கிறீர்கள். நேரம் தாராளமாகவே இருந்திருக்கிறது.

கேள்வி: மாந்தோட்டத்து வீட்டின் முன்புறப் புல்லுக்காக வாங்கிய புல்வெட்டியை, களை அதிகமானதால் பெங்களூரா மரங்களின் வரிசைக்கு இடையிலும் ஓட்டினோம். புல்லுக்குள் மறைந்திருந்த கல்லில் பிளேடு மோதி ‘டங்’கென்று நின்றது. அதிலிருந்து கிளம்பவில்லை. இழுத்தால் கயிறு கையைப் பிடுங்கிக்கொண்டு திரும்பப் போகிறது. சில சமயம் கார்புரேட்டர் வழியாக வெடிச் சத்தம் வருகிறது. ஒரு பட்டறையில் கார்புரேட்டர், காயில் இரண்டையும் மாற்றினார்கள். நான்காயிரத்துக்கு மேல் செலவானதுதான் மிச்சம்.
– மா விவசாயி, காவேரிப்பட்டணம்

பதில்: கல்லில் மோதியதைப் பட்டறையில் சொன்னீர்களா? சொல்லியிருந்து, அதன்பிறகும் அவர்கள் கார்புரேட்டரை மாற்றியிருந்தால் பிழை அவர்களுடையது. சொல்லாமல் ‘ஸ்டார்ட் ஆகவில்லை’ என்று மட்டும் சொல்லி விட்டுவிட்டு வந்திருந்தால், அந்த நான்காயிரத்தில் பாதிப் பங்கை உங்கள் கணக்கில்தான் எழுத வேண்டும்.

எஞ்சினின் உச்சியில், கயிறு சுற்றும் மூடிக்குக் கீழே, காந்தம் பதித்த கனமான சக்கரம் ஒன்று இருக்கிறது; அதுதான் ஃபிளைவீல். அந்தக் காந்தம், பொறிக்கான மின்சாரத்தைத் தரும் காயிலைக் கடக்கும் கணத்தில்தான் பிளக்கில் பொறி பிறக்கிறது. பிஸ்டன் மேலே ஏறி உச்சியை அடைவதற்குச் சற்று முன்னால் அது நிகழ வேண்டும். ஃபிளைவீலும், பிளேடைச் சுற்றும் நடுத்தண்டும் இந்த ஒழுங்கில் பொருந்தி நிற்க, இரண்டுக்கும் இடையிலுள்ள காடியில் சிறிய கீ ஒன்று செருகப்பட்டிருக்கிறது. அது வேண்டுமென்றே மென்மையான உலோகத்தில் செய்யப்படுகிறது. பிளேடு கல்லில் மோதித் தண்டு ஒரே நொடியில் நின்றுவிட, கனமான ஃபிளைவீல் மட்டும் தன் வேகத்தில் சுழல முயலும்போது, அந்த அடியை ஏற்று இந்தக் கீ நறுக்கப்படுகிறது. விலை குறைந்த துண்டு ஒன்று, விலை கூடிய பாகங்களுக்காகப் பலியாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கீ முழுவதும் அறுந்தால் எஞ்சின் செத்ததுபோல் கிடக்கும். அரைகுறையாக நறுங்கி ஃபிளைவீல் சிறிதே நகர்ந்துவிட்டால்தான் நீங்கள் எழுதியிருக்கும் குறிகள் எல்லாம் தோன்றும். பொறி வருகிறது, பெட்ரோலும் வருகிறது, ஆனால் பொறி தவறான நேரத்தில் விழுகிறது. பிஸ்டன் ஏறிக்கொண்டிருக்கும்போதே வெடித்து அதைக் கீழே தள்ளுவதால் கயிறு கையிலிருந்து பிடுங்கப்படுகிறது, வால்வு மூடும் முன்பே வெடிப்பதால் கார்புரேட்டர் வழியாகச் சத்தம் கேட்கிறது. கிருஷ்ணகிரிச் சீமையில் எங்கே மண்ணைக் கிளறினாலும் கருங்கல் தலைகாட்டும் என்பதால், சமவெளி ஊர்க்காரர்களைவிட இந்தக் கோளாறு இங்குள்ளவர்களுக்கு நன்கு பழகியிருக்க வேண்டும். ஆனால் பெரும்பாலோர் அதைக் கேள்விப்படாமலே இருப்பது எங்களுக்கு வியப்புத்தான்.

செய்ய வேண்டியது இதுதான். பிளக் தொப்பியைக் கழற்றித் தூர ஒதுக்கி வைத்துவிட்டு, கயிற்று மூடியையும் ஃபிளைவீல் நட்டையும் கழற்றுங்கள். ஃபிளைவீலைச் சுத்தியலால் தட்டி எடுக்க வேண்டாம். காந்தம் உதிர்ந்தால் அது வேறொரு செலவு. அதற்கென்று இழுத்துக் கழற்றும் புல்லர் என்ற கருவி இருக்கிறது, டூவீலர் பட்டறைகளில் கேட்டால் இரவல் கிடைக்கும். ஃபிளைவீலை எடுப்பதற்கு முன்பே, மேலிருந்து பார்த்தால் தண்டின் காடியும் ஃபிளைவீலின் காடியும் நேர்க்கோட்டில் இல்லாதது தெரிந்துவிடும். அதே மாடலுக்குரிய கீயை மட்டும் வாங்கிப் போடுங்கள். ஆணியை அறுத்துச் செருகும் கைங்கரியத்தைச் சில பட்டறைகளில் பெருமையோடு செய்கிறார்கள். அடுத்த கல்லில் மோதும்போது ஆணி நறுங்காது, நடுத்தண்டோ ஃபிளைவீலோதான் விரியும்.

புதுக் கீ போட்டுக் கிளப்புவதற்கு முன் மற்றொன்றையும் பார்த்துவிட வேண்டும். பிளக்கை வெளியே எடுத்துவிட்டு, பிளேடைக் கழற்றி, கயிற்றை மெல்ல இழுக்கும்போது தண்டின் கீழ்முனை ஒரே புள்ளியில் சுழல்கிறதா, வட்டமடிக்கிறதா என்று பாருங்கள். வட்டமடித்தால் தண்டு வளைந்துவிட்டது என்று பொருள்; அதன்பின் அந்த எஞ்சினுக்குச் செலவழிப்பதில் எங்களுக்கு உடன்பாடில்லை. பிளேடு வளைந்தோ விரிசல் விட்டோ இருந்தால் அதையும் நிமிர்த்தி மாட்டாமல் புதிதாக வாங்குங்கள். காயிலைப் பட்டறையில் மாற்றியதாகச் சொல்வதால், ஃபிளைவீலுக்கும் காயிலுக்கும் இடையில் ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு, அதாவது ஏறக்குறைய 0.3 மில்லிமீட்டர் இடைவெளி விட்டிருக்கிறார்களா என்பதையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். மாமர வரிசைக்கு இடையில் ஓட்டுவதற்குத் தோளில் மாட்டும் பிரஷ் கட்டர்தான் ஏற்றது. புல்வெட்டி, கல் பொறுக்கிச் சமன்செய்த புல்தரைக்காகப் பிறந்தது.

கேள்வி: இயந்திரம் முதல் இழுப்பிலேயே கிளம்புகிறது. எட்டு, பத்து நிமிடம் ஓடிவிட்டுத் திணறி நின்றுவிடுகிறது. அரை மணி நேரம் கழித்து இழுத்தால் மறுபடியும் ஓடுகிறது, மறுபடியும் நிற்கிறது. பிளக், ஃபில்டர், பெட்ரோல் எல்லாம் புதிது.
– குடியிருப்போர் சங்கச் செயலாளர், ஓசூர்

பதில்: அடுத்த முறை நின்றவுடன் டேங்க் மூடியைச் சற்றுத் தளர்த்திவிட்டு உடனே இழுத்துப் பாருங்கள். கிளம்பினால் கோளாறு மூடியில் இருக்கிறது. டேங்கிலிருந்து பெட்ரோல் இறங்க இறங்க, அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே போக வேண்டும். அதற்காக மூடியில் குண்டூசி அளவு துளை இருக்கும். அது தூசியாலோ குளவி வைத்த மண்ணாலோ அடைபட்டால், உள்ளே வெற்றிடம் உண்டாகிப் பெட்ரோல் இறங்காமல் நின்றுபோகும். எஞ்சின் ஓய்ந்து நிற்கும் அரை மணி நேரத்தில் காற்று எப்படியோ கசிந்து உள்ளே புகுந்துவிடுவதால் மறுபடியும் ஓடுகிறது. வீட்டில் எண்ணெய் டின்னுக்கு எதிரெதிராக இரண்டு துளை போடுகிறோமே, அதே கணக்குத்தான். மூடியைச் சோப்பு நீரில் கழுவி, துளை வழியாக ஊதிப் பாருங்கள். துளைக்குள் அடைப்பு உறுதியாக இருந்தால் மூடியையே மாற்றுங்கள். தளர்த்திய மூடியோடு புல் வெட்டுவதை மட்டும் வழக்கமாக்கிக்கொள்ள வேண்டாம், சூடான எஞ்சின்மேல் பெட்ரோல் தெறிக்கும்.

மூடியைத் தளர்த்தியும் கிளம்பவில்லை என்றால், ஆறவிடாமல், சூடு இருக்கும்போதே பொறியைச் சோதியுங்கள். பலரும் தவறவிடும் இடம் இதுதான்: இயந்திரத்தைப் பட்டறைக்குக் கொண்டுபோகிறார்கள், போவதற்குள் அது ஆறிவிடுகிறது, அங்கே பொறி நன்றாக வருகிறது, ‘ஒன்றும் இல்லை’ என்று திருப்பி அனுப்புகிறார்கள். காயிலுக்குள் இருக்கும் மெல்லிய கம்பிச் சுற்று சூட்டில் விரிந்து இணைப்பு விட்டுப்போவதும், ஆறியபின் மறுபடி சேர்வதும் உண்டு. சூட்டில் பொறி இல்லை, ஆறினால் உண்டு என்பது உறுதியானால் காயிலை மாற்றத் தயங்க வேண்டாம்.

காயிலை மாற்றும்போது மேல்மூடியைக் கழற்றத்தான் போகிறீர்கள். அப்படியே எஞ்சினின் விசிறி உறைக்குள்ளும் பாருங்கள். சிலிண்டரைச் சுற்றியுள்ள தகடுகளுக்கு இடையில் காய்ந்த புல் நெருக்கமாக அடைந்திருந்தால், எஞ்சின் தன் சூட்டை வெளியேற்ற முடியாமல் திணறும். எலி கூடு கட்டியிருந்தாலும் வியப்பதற்கில்லை. அது நிறுத்து சுவிட்சுக்குப் போகும் மெல்லிய வயரையும் கடித்து வைத்திருக்கும். அந்த வயரின் செம்பு எஞ்சின் உடலில் பட்டால் பொறி அடியோடு நின்றுவிடும்.

கேள்வி: பிளேடில் ஒட்டிய புல்லைச் சுரண்டுவதற்காக இயந்திரத்தைப் பக்கவாட்டில் சாய்த்துவிட்டு நிமிர்த்தினேன். இப்போது கயிற்றை இழுக்கவே முடியவில்லை. எஞ்சின் உள்ளே இறுகிச் சிக்கிவிட்டதா?
– பள்ளி மைதானப் பராமரிப்பாளர், பாலக்கோடு

பதில்: பெரும்பாலும் இல்லை, பயப்பட வேண்டாம். தவறான பக்கம் சாய்த்ததில் எண்ணெய் சிலிண்டருக்குள் ஓடியிருக்கிறது. காற்றைப்போல எண்ணெய் அமுங்காது, ஆகவே பிஸ்டன் அதன்மேல் முட்டி நிற்கிறது. வலுக்கட்டாயமாக இழுக்காமல் பிளக்கைக் கழற்றி, துளையை ஒரு பழந்துணியால் தளர்வாக மூடிக்கொண்டு, கயிற்றை மெதுவாக ஏழெட்டு முறை இழுங்கள். எண்ணெய் துணியில் வந்துவிடும். காற்று ஃபில்டரும் எண்ணெயில் ஊறியிருக்கும். ஸ்பாஞ்சு ஃபில்டரானால் சோப்பு நீரில் அலசி நிழலில் முழுவதும் உலர்த்தி மாட்டலாம். காகித ஃபில்டரானால் புதிது வாங்குவதைத் தவிர வழியில்லை. பிளக்கைத் துடைத்து மாட்டி, எண்ணெய் அளவைச் சரிபார்த்துக் கிளப்பினால் சில நிமிடம் வெண்புகை மண்டும், பிறகு தானே தெளியும்.

இனி எப்போது சாய்த்தாலும் காற்று ஃபில்டரும் கார்புரேட்டரும் வானத்தைப் பார்த்திருக்கும் பக்கமாகச் சாயுங்கள். அதற்கு முன் பிளக் தொப்பியைக் கழற்றிவிடுங்கள். பிளேடைக் கையால் திருப்புவதும் கயிற்றை இழுப்பதும் எஞ்சினுக்கு ஒன்றுதான். சூடான எஞ்சின் அந்தத் திருப்பலிலேயே கிளம்பி விரலைப் பறித்த சம்பவங்கள் உண்டு.

கேள்வி: பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் இரவல் வாங்கிய பிரஷ் கட்டரில் பெட்ரோல் போட்டு வரப்புப் புல்லை வெட்டினேன். ஒரு மணி நேரம் ஓடி, கீச்சென்று நின்றது. இப்போது கயிறு மிகவும் லேசாக வருகிறது, ஆனால் கிளம்பவில்லை. அவருக்கு என்ன பதில் சொல்வது?
– விவசாயி, பென்னாகரம்

பதில்: வெறும் பெட்ரோலா, எண்ணெய் கலந்த பெட்ரோலா என்பதை நீங்கள் எழுதவில்லை. எழுதாததிலிருந்தே ஊகிக்க முடிகிறது. பிரஷ் கட்டர்கள் பலவற்றில் இருப்பது இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின். அதில் எண்ணெய்க்கென்று தனித் தொட்டி கிடையாது; பெட்ரோலில் கலந்து ஊற்றும் எண்ணெய் மட்டுமே பிஸ்டனுக்கு வழுவழுப்பைத் தருகிறது. கையேட்டில் 50:1 என்றிருந்தால் ஒரு லிட்டருக்கு 20 மில்லி, 25:1 என்றிருந்தால் 40 மில்லி இரண்டு ஸ்ட்ரோக் எண்ணெய் கலக்க வேண்டும். காருக்கு ஊற்றும் எண்ணெய் இதற்கு ஆகாது.

சைலன்சரைக் கழற்றி, புகை வெளியேறும் துளை வழியாக டார்ச் அடித்துப் பிஸ்டனின் பக்கத்தைப் பாருங்கள். வழவழப்பாக இருந்தால் பிழைத்தது. நெடுங்கோடுகளாகக் கீறல் தெரிந்தால் பிஸ்டனும் ரிங்கும் உராய்ந்து, காற்றழுத்தம் போய்விட்டது. கயிறு லேசாக வருவதற்குக் காரணம் அதுதான். அந்நிலையில் பிளக்கையோ கார்புரேட்டரையோ தொடுவதில் பொருளில்லை, சிலிண்டரும் பிஸ்டனும் மாற்றியாக வேண்டும். தோட்டத்துக்காரரிடம் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுங்கள். நீங்கள் மறைத்தாலும் அந்தக் கீறல் பட்டறைக்காரரிடம் சொல்லிவிடும்.

கீறல் இல்லாவிட்டால், சைலன்சரின் வாயிலுள்ள சல்லடைத் துணுக்கைப் பாருங்கள். எண்ணெய் அதிகமாகக் கலந்து ஓட்டுபவர்களுக்கு அது கரி படிந்து அடைத்துக்கொள்ளும். புகை வெளியே போக வழியில்லாத எஞ்சின் கிளம்பாது. பித்தளை பிரஷ்ஷால் தேய்த்தால் போய்விடும்.

கேள்வி: மின்சாரப் புல்வெட்டி ‘ம்ம்’ என்று முனகுகிறது, சுற்றவில்லை.
– இல்லத்தரசி, தருமபுரி

பதில்: உடனே சுவிட்சை அணைத்து, பிளக்கைச் சுவரிலிருந்து உருவிவிடுங்கள், முனகவிட்டுக்கொண்டே இருந்தால் மோட்டார் கருகிவிடும். அதன்பின் பிளேடில் புல்லோ கயிறோ சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். தடையின்றிச் சுற்றினால் மோட்டாரின் கண்டன்சர் போயிருக்கக்கூடும்; மின்விசிறிக்கு நேர்வதுபோலத்தான். அதே அளவுள்ள கண்டன்சரை மின்பணியாளரைக் கொண்டு மாற்றுங்கள், நீங்களாகத் தொட வேண்டாம், மின்சாரத்தைத் துண்டித்த பின்னும் அதில் மின்சாரம் தேங்கியிருக்கும். நூறு அடி தூரத்துக்கு மெல்லிய வயரை இழுத்து ஓட்டுகிறீர்கள் என்றால், வோல்டேஜ் வழியிலேயே குறைந்துபோவதும் ஒரு காரணமாகலாம்.

கேள்வி: ஆடி, புரட்டாசி, மார்கழி என்று ஆண்டுக்கு மூன்று மாதம் எங்கள் இயந்திரத்துக்கு வேலை இருப்பதில்லை. ஒவ்வொரு முறையும் பட்டறைக்குத் தூக்காமல் இருக்க என்ன செய்யலாம்?
– திருமண மண்டப உரிமையாளர், ஊத்தங்கரை

பதில்: கடைசி நாள் வேலை முடிந்தவுடன், எஞ்சின் ஆறியபின், டேங்கிலுள்ள பெட்ரோலை வடித்து டூவீலரில் ஊற்றிவிடுங்கள், அது வீணாகாது. பிறகு எஞ்சினைத் திறந்தவெளியில் கிளப்பி, அடிக்கிண்ணத்தில் மிச்சமுள்ளதும் தீர்ந்து தானாக நிற்கும் வரை ஓடவிடுங்கள். பூட்டிய ஷெட்டுக்குள் இதைச் செய்யாதீர்கள். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு வாடையே இல்லாமல் ஆளை மயக்கிவிடும். கிண்ணத்தின் அடியில் வடிப்புத் திருகு இருந்தால் அதையும் ஒருமுறை திறந்து மூடுங்கள். எண்ணெய் கறுத்திருந்தால் எஞ்சினின் இளஞ்சூட்டிலேயே வடித்து, கையேட்டில் சொன்ன தரத்தில் (பெரும்பாலும் 10டபிள்யூ-30 என்ற குறியுள்ள எண்ணெய்) ஏறக்குறைய அரை லிட்டர் ஊற்ற வேண்டியிருக்கும். அளவை எண்ணெய்க் குச்சியில் பார்த்து முடிவு செய்யுங்கள். பிளக்கைக் கழற்றி இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, கயிற்றை இருமுறை மெல்ல இழுத்து, பிளக்கைத் திரும்ப மாட்டி, மறுபடி மெல்ல இழுத்து, இழுப்பு கனமாகும் இடத்தில் நிறுத்துங்கள். வால்வுகள் மூடியிருக்கும் நிலை அது, ஈரம் உள்ளே போகாது. சைலன்சரின் வாயைத் துணியால் அடைத்துவையுங்கள், குளவி கூடு கட்டுவது அங்கேதான். அடைத்த துணியின் ஒரு முனை வெளியே நீளமாகத் தொங்கட்டும். ஆவணியில் இயந்திரத்தை எடுக்கப் போவது வேறொருவராக இருக்கலாம்.